காட்டுக்காகவே உழைத்த அக்காவின் நினைவாக என்ன செய்யலாம்?

கொடிவழி:

எங்கள் குழுவில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைத்தவர், அண்மையில் நோயில் காலமானார். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன்.

அவர் என்ன வேலை செய்தார் என்று சொன்னால்தான் என் கேள்வி புரியும். சுற்றிலும் வெட்டப்பட்டுப் போய், நடுவில் மிஞ்சிய ஒரு மழைக்காட்டுத் துண்டில் நிரந்தர ஆய்வுப் பரப்பு ஒன்றை அமைத்தார். அதற்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு அடித்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அளந்தார். இடைப்பட்ட காலத்திலும் சும்மா இருக்கவில்லை. மாதந்தோறும் குறிப்பிட்ட மரங்களைப் போய்ப் பார்த்து, எது தளிர் விட்டது, எது பூத்தது, எதில் காய் பழுத்தது என்று பென்சிலால் எழுதி வைத்தார். எந்த மாதம் எந்த மரத்தடிக்கு விதை பொறுக்கப் போக வேண்டும் என்பது எங்கள் நாற்றங்காலுக்குத் தெரிவதே அந்தக் குறிப்பால்தான். வெட்டப்பட்ட பகுதியில் இப்போது தலைக்கு மேல் நிழல் விழுகிறது என்றால் அதில் பெரும்பங்கு அவருடையது.

இப்போது குழுவில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நினைவுத் தோப்பு வைக்கலாம் என்கிறார் ஒருவர். பெரிய மரம் ஒன்றில் பெயர்ப்பலகை மாட்டலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. இப்படி ஒருவரை இழந்த குழுக்கள் என்ன செய்தன? எது நிலைத்தது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பச்சைநிழல்:

முதலில் என் அனுதாபம். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது.

தோப்பு வைப்பதில் என்ன தயக்கம்? காட்டை நேசித்தவருக்கு மரத்தைவிடப் பொருத்தமான நினைவு எது? அவருடைய நினைவு நாளில் எல்லோரும் கூடி ஆயிரம் கன்று நட்டால், வருகிற இளைஞர்களுக்கும் ஒரு பிடிப்பு உண்டாகும். ஆண்டுதோறும் அதே நாளில் தொடரலாம்.

நாற்றுப்பை:

பச்சைநிழல், உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் நாற்றங்காலில் பல காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

மழைக்காட்டு மரங்களில் பலவற்றின் விதை உலர்ந்தால் செத்துவிடும். நெல், பயறு மாதிரி காய வைத்து எடுத்து வைக்க முடியாது. விழுந்த சில நாட்களிலோ சில வாரங்களிலோ விதைத்தாக வேண்டும். விதை வங்கியின் குளிர் அறைகூட இவற்றைக் காப்பாற்றாது. சில மரங்கள் ஆண்டுதோறும் காய்க்கவும் செய்யாது. தென்கிழக்கு ஆசியாவில் டிப்டெரோகார்ப் என்ற குடும்பத்து உயர மரங்கள் நிறைந்த காடுகளில் பல ஆண்டுகள் ஒன்றுமே இருக்காது, பிறகு ஒரே பருவத்தில் காடு முழுக்கக் காய்த்துக் கொட்டும். நாம் குறித்த தேதிக்கு விதை வராது. அந்தத் தேதிக்கு ஆயிரம் கன்று வேண்டுமென்றால் என்ன நடக்கும்? கடையில் கிடைக்கிற, சீக்கிரம் வளர்கிற ஏதோ நான்கு வகையை வாங்கி நடுவோம். படம் எடுப்போம். அடுத்த கோடையில் எத்தனை பிழைத்தன என்று பார்க்க ஆள் இருக்காது.

இடம் இன்னொரு சிக்கல். கூட்டமாக நட ஒரு வெட்டவெளி வேண்டும் என்று தேடும்போது பெரும்பாலும் புல்வெளிதான் கண்ணில் படும். மரம் இல்லாத இடமெல்லாம் அழிந்த காடு என்று நினைத்துவிடுகிறோம். பழைய இயற்கைப் புல்வெளிக்கென்று தனிச் செடிகள், தனிப் பறவைகள் உண்டு. அதன் கரிமத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள், வேரில் இருக்கிறது. அங்கே மரத்தைத் திணித்தால் அவையும் போகும், ஓடையில் வரும் தண்ணீரும் குறையும்.

நடாமலே காட்டை வளர்க்கவும் வழி இருக்கிறது. பறவையும் வௌவாலும் போட்ட விதையில் தானாக முளைத்த கன்றுகளைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் குச்சி நட்டு, சுற்றி மூடும் களையை மட்டும் அகற்றிக்கொண்டே வருவது. பிலிப்பைன்ஸில் இதை நன்றாகச் செய்கிறார்கள். அங்கே இம்பெராட்டா என்கிற உயரப் புல்லை வெட்டாமல், பலகையால் மிதித்துச் சாய்த்துவிடுகிறார்கள். வெட்டினால் உடனே மறுபடி கிளம்பும், சாய்த்தால் அடங்கிக் கிடக்கும், தீயும் அவ்வளவு வேகமாகப் பரவாது. இதில் கூட்டமும் இல்லை, விழாவும் இல்லை. செலவு குறைவு, மிஞ்சும் காடும் அந்த மண்ணின் காடு.

கொடிவழி:

நாற்றுப்பை அண்ணா, அக்காவே பேசுவது போல இருக்கிறது. புல்வெளியில் குழி தோண்டுவதைப் பார்த்தால் நின்று வாதாடாமல் நகர மாட்டார். அவரை நினைத்து அங்கே நட்டால் அவரை அவமதிப்பதுதான்.

பெயர்ப்பலகையையும் அவர் ஏற்றிருக்க மாட்டார். மரத்தில் ஒரு ஆணி அடிப்பதற்கே அவர் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன். அலுமினிய ஆணிதான் வேண்டும், இரும்பு கூடாது. அதையும் முழுக்க இறக்கக் கூடாது. பாதி வெளியே நின்றால்தான் மரம் பருக்கும்போது தகட்டை விழுங்காமல் இருக்கும். அளவெடுக்கும் கோட்டின் மேலேயே அடிக்கவும் கூடாது, ஆணியைச் சுற்றி மரம் வீங்கினால் அளவு கெட்டுவிடும், அதனால் சற்று மேலே. அப்படிப்பட்டவருக்குப் பலகையா?

குறிப்பேடு:

தரவுப் பக்கம் வேலை செய்பவள் நான். உங்கள் முதல் பதிவில் ஒரு வரி என்னை உலுக்கியது: பென்சிலால் எழுதி வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பேடுகள் இப்போது எங்கே இருக்கின்றன? யாராவது ஸ்கேன் செய்தீர்களா? தோப்பு, பலகை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பதற்கு ஒரு உண்மைக் கதை. ஆல்வின் ஜென்ட்ரி என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் மிசௌரி தாவரவியல் பூங்காவில் இருந்தவர். டெட் பார்க்கர் பறவையியலாளர். தென் அமெரிக்கப் பறவைகளின் குரல்களை அவரளவு மனத்தில் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. அழியும் நிலையில் இருந்த காடுகளுக்கு அவசரமாகப் போய், குறுகிய காலத்தில் அங்கே என்னென்ன இருக்கின்றன என்று மதிப்பிட்டுச் சொல்லும் குழுவில் இருவரும் இருந்தார்கள். 1993 ஆகஸ்ட் 3 அன்று ஈக்வடாரில் காட்டை வானிலிருந்து பார்வையிடப் போன சிறு விமானம் மலையில் மோதியது. இருவரும் இறந்தார்கள். அவர்களோடு ஈக்வடார் நாட்டு சூழலியலாளர் எதுவார்தோ அஸ்பியாசுவும் உயிரிழந்தார்.

ஜென்ட்ரி ஒரே முறையைக் கடைசிவரை மாற்றாமல் பின்பற்றியவர். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் கொண்ட பத்துப் பட்டைகள், ஆக மொத்தம் 0.1 ஹெக்டேர். அதில் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரம், கொடி எல்லாம் கணக்கில் வரும். இப்படிப் பல கண்டங்களில் 226 இடங்கள். அவர் போன பிறகு சக ஆய்வாளர்கள் ஆலிவர் பிலிப்ஸும் ஜேம்ஸ் மில்லரும் அந்தக் குறிப்புகளை எடுத்து, சரிபார்த்து, 2002இல் முழுத் தொகுப்பாக வெளியிட்டார்கள். ஒன்பது ஆண்டு. இன்றைக்கும் உலகெங்கும் ஆய்வாளர்கள் அந்தத் தரவைப் பயன்படுத்துகிறார்கள். பார்க்கர் பதிவு செய்த பறவைக் குரல்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இருக்கின்றன. இருவர் பெயரிலும் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகம் 1996 முதல் ஒரு விருது கொடுக்கிறது, பார்க்கர் பெயரை ஒரு சிறு ஆந்தைக்கும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த விருதைவிட, ஆந்தையைவிட, இன்னொருவர் எழுத்தோடு ஒன்பது ஆண்டு போராடிய அந்த இருவரின் உழைப்பே பெரிதாகப் படுகிறது.

கொடிவழி:

குறிப்பேடுகள் அலுவலக அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. பெரிய கணக்கெடுப்புகள் எல்லாம் கணினியில் ஏறிவிட்டன. மாதாந்திரக் குறிப்புகளில்தான் பாதிக்கு மேல் இன்னும் ஏட்டிலேயே கிடக்கின்றன.

அதில் ஒரு சிக்கல். பெயர் தெரியாத மரங்களுக்கு அக்கா தானே பெயர் வைத்துக்கொள்வார். ‘வாசனை இரண்டு’, ‘சிவப்புப் பால்’, ‘சொரசொர பெரியவர்’ என்று. அவருக்கு எல்லாம் மனப்பாடம். எங்களுக்குச் சிலது தெரியும், சிலது தெரியாது.

குறிப்பேடு:

இதைத்தான் பயந்தேன். தயவுசெய்து இந்த வாரமே தொடங்குங்கள்.

ஏடுகளை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், வெற்றுப் பக்கத்தைக்கூட விடாமல். ஓரத்தில் கிறுக்கியது, கோட்டுப்படம், மழைத்துளி பட்டு மங்கிய வரி எல்லாம் வேண்டும். தட்டச்சு செய்யும்போது எதையும் திருத்தாதீர்கள். அவர் ‘சிவப்புப் பால்’ என்று எழுதியிருந்தால் அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும். அது இன்ன மரம் என்று நீங்கள் நினைப்பதைப் பக்கத்து நெடுவரிசையில் போட்டு, யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். பிற்காலத்தில் தவறு என்று தெரிந்தால் மாற்ற வழி இருக்கும். மூலத்திலேயே கை வைத்துவிட்டால் திரும்பவே முடியாது.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அவர் வைத்த பெயருக்குப் பக்கத்தில் தகட்டு எண்ணும் இருந்தால், அந்த மரத்தடிக்கே போய்ப் பார்க்கலாம். மரம் நிற்கிறவரை பதில் அங்கேயே இருக்கிறது. ஆகவே முதலில் விழுந்துபோன மரங்கள், தகடு காணாமல் போன மரங்கள், ஒன்றிரண்டே உள்ள வகைகள் ஆகியவற்றைப் பட்டியல் போடுங்கள். அவற்றுக்கு மனிதர்களின் நினைவு ஒன்றுதான் ஆதாரம். அவரோடு காட்டில் நடந்த எல்லோரையும், முக்கியமாகக் களப்பணியாளர்களை, ஒன்றாக உட்கார வைத்துக் கேளுங்கள். குரலையும் பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் போனால் இன்று தெரிவதில் பாதிதான் இருக்கும்.

அவர் இலை, பூ மாதிரிகளை அழுத்தி உலர்தாவரக் காப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். ஒவ்வொரு தாளிலும் சேகரித்தவர் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்துத்தான் உலகத் தாவரவியலார் அந்த மாதிரியைக் குறிப்பிடுவார்கள், நூறாண்டு கழித்தும். அந்தத் தாள்கள் இருந்தால் அவர் வைத்த செல்லப் பெயர்களில் பலவற்றுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

வேர்முடிச்சு:

நான் இவர்களின் குழுவிலேயே களப்பணியாளன். கொடிவழி சொல்லித்தான் இங்கே வந்தேன்.

‘வாசனை இரண்டு’ எனக்குத் தெரியும். பட்டையை லேசாகக் கீறி முகர்ந்தால் பச்சை மாங்காய் வாசம் வரும். ‘வாசனை ஒன்று’ அதே மாதிரி இருக்கும், ஆனால் வாசம் கொஞ்சம் கசப்பாக இருக்கும், இலைக்காம்பின் அடியில் வீக்கம் இருக்கும். அக்காதான் காட்டிக் கொடுத்தார். பூ வரும் வரை காத்திருந்தால் பாதி மரத்தை வாழ்நாளில் தெரிந்துகொள்ள முடியாது என்பார். இலை, பட்டை, பால், வாசம் இவற்றை வைத்தே பழகச் சொன்னார்.

ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. மற்ற இடங்களில் நாங்கள் டேப் பிடிப்போம், அவர்கள் எழுதுவார்கள். அக்கா எழுதுகிற அட்டையை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, தானே கொடியை விலக்கி, அதற்கு அடியில் டேப்பை நுழைத்துச் சுற்றுவார். பருமனை அளக்க வேண்டிய 1.3 மீட்டர் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட விட மாட்டார், கம்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அடிமரத்தில் பலகை வேர் விரிந்திருந்தால் ஏணி போட்டு, வேர் முடிகிற இடத்துக்கு மேலே போய் அளப்பார். எழுதத் தெரியாது என்றிருந்த என் மாமா அவரிடம்தான் எண் எழுதக் கற்றார். மாமாவின் கையெழுத்து அந்த ஏடுகளில் நிறைய இருக்கும். ஸ்கேன் செய்யும்போது பாருங்கள்.

எல்லாக் கட்டுரையிலும் எங்கள் பெயரை நன்றி வரியில் போட வைத்தார். கடைசியாக எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில் எங்களையும் ஆசிரியர்களாகச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது இப்போது என்ன ஆகும் என்று தெரியவில்லை.

குறிப்பேடு:

வேர்முடிச்சு, நீங்கள் மேலே எழுதிய அந்தப் பத்தி அப்படியே தரவில் ஏற வேண்டியது. இலைக்காம்பு அடி வீக்கம் என்பது தாவரவியலில் முக்கியமான அடையாளம்.

கட்டுரை நிற்க வேண்டியதில்லை. இறந்தவர் பெயரை ஆசிரியராகப் போடுவதற்குப் பல ஆய்விதழ்களில் இடமுண்டு, மறைந்துவிட்டார் என்று அடிக்குறிப்பு இருக்கும். குடும்பத்தாரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். களப்பணியாளர்களைச் சேர்ப்பது அவர் சொல்லிவிட்டுப் போனது. மரத்தை அடையாளம் கண்டவர்கள், அளந்தவர்கள், வரைவைப் படிக்கக் கேட்டுத் தங்கள் கருத்தைச் சொன்னவர்கள் என்றால் அவர்கள் ஆசிரியர்கள்தான். வரைவை அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லி, ஒப்புதல் வாங்குவது மற்றவர்களின் பொறுப்பு.

ஆற்றங்கரை:

நான் வேறு கோணத்தில் ஒரு வார்த்தை. எங்கள் குழுவிலும் ஒருவரை இழந்தோம். அவர் காட்டுக் காவலர். பணியில் இருந்தபோதே போனார். நாங்கள் உடனே விழா, சிலை என்று ஓடினோம். வீட்டார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு அப்போது தேவைப்பட்டது நிலுவைச் சம்பளமும் காப்பீட்டுப் பணமும் வந்து சேர ஓடியாட ஒரு ஆள். தற்காலிகப் பணியாளர் என்பதால் கோப்பு நகரவே இல்லை. அதைக் கடைசிவரை பின்தொடர்ந்தது ஒரே ஒரு நண்பர். உலக வனக்காவலர் நாள் என்று ஜூலை 31ஐ 2007 முதல் கடைப்பிடிக்கிறார்கள். பணியில் உயிர்விட்டவர்களை நினைப்பதும் அதன் நோக்கம். நல்லதுதான். ஆனால் வீட்டுக்குப் போய் என்ன வேண்டும் என்று கேட்பதுதான் எனக்கு முதல் காரியம்.

அக்கா ஏதாவது விருப்பம் சொல்லியிருந்தாரா? வங்காரி மாத்தாய் கென்யாவில் 1977இல் மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியவர், 2004இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். 2011 செப்டம்பரில் மறைந்தார். தனக்காக மரப்பெட்டி செய்ய ஒரு மரமும் வெட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். மூங்கில், ஆகாயத்தாமரை, பாப்பிரஸ் கோரை ஆகியவற்றால் பின்னிய பெட்டியில்தான் அவரை எடுத்துச் சென்று எரியூட்டினார்கள். அரசு மரியாதையோடு நடந்த இறுதிச் சடங்கிலும் அவர் சொன்னது மீறப்படவில்லை.

கொடிவழி:

விழா வேண்டாம் என்று மட்டும்தான் வீட்டார் சொன்னார்கள். ஆற்றங்கரை, நீங்கள் சொன்ன பிறகுதான் நிலுவைக் கணக்கைப் பற்றி நினைத்தேன். நாளைக்கே விசாரிக்கிறேன்.

மரவட்டம்:

படித்துக்கொண்டே வந்தேன். ஒன்று விடுபடுகிறது. குறிப்பேடு காப்பாற்றப்படும், சரி. அந்தக் காட்டுத் துண்டு?

சிகோ மென்டிஸ் பிரேசிலின் அக்ரி மாநிலத்தில் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி, சங்கத் தலைவர். காட்டை வெட்டி மாட்டுப் பண்ணை ஆக்குவதை எதிர்த்து மக்களைத் திரட்டியதால் 1988 டிசம்பர் 22 அன்று ஷாபுரியில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவருடைய தோழர்கள் வெறும் அஞ்சலியோடு நிற்கவில்லை. காட்டில் வாழ்கிறவர்கள் அதை வெட்டாமல் அதிலிருந்து பிழைக்க, அரசு நிலமாகவே ஒதுக்கிப் பாதுகாக்க வேண்டும் என்று அவரும் மற்றவர்களும் 1985 முதலே கேட்டு வந்தார்கள். அதை விடாமல் பிடித்தார்கள். 1990இல் சுமார் 9.7 லட்சம் ஹெக்டேர் காடு அவர் பெயரிலேயே அப்படி அறிவிக்கப்பட்டது.

அதோடு கதை முடியவில்லை. பிற்காலத்தில் அந்தக் காப்பகத்துக்குள்ளேயே மாடு வளர்ப்பு புகுந்து, காடு கணிசமாக அழிந்திருக்கிறது. ரப்பருக்கும் பிரேசில் கொட்டைக்கும் விலை இல்லாதபோது மாட்டில் பணம் வந்தது, கண்காணிப்பும் தளர்ந்தது. பெயர் பலகையில் இருக்கும்போதே மரம் விழுந்துகொண்டிருந்தது.

உங்கள் ஆய்வுப் பரப்பு யார் நிலத்தில் இருக்கிறது? ஒப்பந்தம் யார் பெயரில்? எப்போது முடிகிறது? ஒரு ஆளின் மரியாதையில் நின்ற அனுமதி என்றால் அவர் போனதும் கேள்வி வரும். இதை இப்போதே பாருங்கள்.

கொடிவழி:

அனுமதி நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் நில உரிமையாளரோடு பேசியது, ஆண்டுதோறும் புதுப்பித்தது எல்லாம் அக்காதான். மரவட்டம், இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நன்றி. அடுத்த புதுப்பிப்புக்கு முன்னால் வேர்முடிச்சையும் அழைத்துக்கொண்டு நில உரிமையாளரை நேரில் பார்க்கிறோம். நீண்ட காலத்துக்கு எழுதித் தரும்படி கேட்கப் போகிறோம்.

பச்சைநிழல்:

நாற்றுப்பை சொன்னதை ஏற்கிறேன், தோப்பு வேண்டாம். ஆனால் இளைஞர்களைப் பற்றி நான் கேட்டது இன்னும் இருக்கிறது. ஏட்டையும் எக்செல்லையும் காட்டி யாரையும் இழுக்க முடியாது. புதியவர்கள் வரவில்லை என்றால் அடுத்த கணக்கெடுப்பை யார் செய்வது?

குறிப்பேடு:

நியாயமான கேள்வி. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பை 1980இல் ஹப்பெல், ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர்கள் தொடங்கினார்கள். 1 சென்டிமீட்டர் பருமன் உள்ள சிறு கன்று முதல் எல்லாவற்றையும், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகளை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளக்கிறார்கள். நம் நீலகிரியின் முதுமலையில் ஆய்வாளர் சுகுமாரின் குழு 1988இல் அதே அளவில் தொடங்கியது இன்றும் நடக்கிறது. முதல் முறை டேப் பிடித்தவர்களே இன்னும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. கைமாறிக் கைமாறித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன. கைமாறுவதற்குக் கணக்கெடுப்புதான் நல்ல நேரம். பழகியவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று இணை சேர்த்து அனுப்புங்கள். ஒரு பகுதி மரங்களை இருவரும் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டால், ஆள் மாறியதால் வந்த வேறுபாடு எவ்வளவு, மரம் உண்மையில் வளர்ந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஒரு எச்சரிக்கை: தரவைப் பொதுவில் வைக்கும்போது அரிய ஆர்க்கிட், மருந்துக்குத் தோண்டப்படும் செடி இவற்றின் ஜிபிஎஸ் புள்ளியை மட்டும் நீக்கிவிடுங்கள். அதைத் தேடியே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேர்முடிச்சு:

அடுத்த கணக்கெடுப்புக்கு என் தங்கை மகள் வருகிறேன் என்கிறாள். தாவரவியல் படிக்கிறாள். நான் பட்டை வாசத்தைக் காட்டுகிறேன், அவள் பெயரைத் தேடட்டும்.

கொடிவழி:

எல்லோருக்கும் நன்றி. பலகையும் தோப்பும் இல்லை என்று குழுவில் பேசி முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை முதல் உட்காருகிறோம்: வேர்முடிச்சு, அவருடைய மாமா, இன்னும் மூன்று களப்பணியாளர்கள், நான். விழுந்த மரங்களின் பட்டியலிலிருந்து ஆரம்பம். குறிப்பேடு அக்கா, முதல் ஏட்டை ஸ்கேன் செய்து அனுப்பினால் நெடுவரிசைகளை எப்படிப் பிரிப்பது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

குறிப்பேடு:

அனுப்புங்கள், இரவோடு இரவாகப் பார்த்துவிடுகிறேன். புதிய தகடுகள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எண் வரிசையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள், அவர் நிறுத்திய எண்ணுக்கு அடுத்ததிலிருந்து அச்சிடச் சொல்லுங்கள். செத்த மரத்தின் எண்ணை இன்னொரு மரத்துக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

வேர்முடிச்சு:

கடைசி எண் என்னிடம் இருக்கிறது. தகட்டுக்கு நானே சொல்லிவிடுகிறேன்.